ஸ்டார் மேட்சிங் சென்டருக்கு வழி

ஸ்டார் மேட்சிங் சென்டரா? இங்கேதான் இருந்தது ஆன்ட்டி. அதோ அந்த இறக்கின ஷட்டர்தான். இல்லை இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு மூடவில்லை. கடையே போய்விட்டது. எங்கே என்று சொல்கிறேன், சொல்லாமல் விடமாட்டேன். ஆனால் ஏன் போனது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் கேட்காமல் வழியை மட்டும் கேட்டுக்கொண்டு போகிற பழக்கத்தால்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது. உட்காருங்கள். படி சுத்தம்தான். காலையிலிருந்து என் சுடிதாரால் நான்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கையில் புடவைதானே? பிளவுஸ் பிட்டுக்கு வந்திருப்பீர்கள். என் பையிலும் ஒரு புடவை இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம்.

என் பெயர் சங்கமித்ரா. பின்தெருவில் வீடு. சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு வாதம் செய்யப் பிடிக்கும் என்று சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதையே அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஸ்டார் மேட்சிங் சென்டர் ஜரீனா அக்கா என்னைச் சின்ன வயதிலிருந்தே வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் படிப்பது சட்டம் இல்லை, சமூகவியல் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அதுலயும் எதிர்க்கட்சி இருக்கும்ல" என்பார்.

இப்போது எனக்கும் அக்காவுக்கும் பேச்சு இல்லை. தை மாதத்திலிருந்து. அதனால்தான் நான் இங்கே, அவர் அங்கே.

கொரட்டூரில் காம்ப்ளெக்ஸ் என்றால் இந்தச் சொர்ணா காம்ப்ளெக்ஸ்தான். கீழேயும் மேலேயுமாகச் சுற்றிலும் கடைகள். அந்த மூலையில் டிவிடி வாடகைக் கடை. அதன் பக்கத்தில் மீன்தொட்டிக் கடை. எதிரே வாழ்த்து அட்டைக் கடை, யாராவது ஓர் அட்டையைத் திறந்தால் பாட்டுப் பாடும், மூடினாலும் நிற்காது. வாசலில் சாஃப்டி ஐஸ்கிரீம். அந்த மெஷின் ஓடி நான் பார்த்ததே இல்லை. 'மெஷின் ரிப்பேர்' என்ற அட்டையைக்கூட அழகாக லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். மாடியில் பிரவுசிங் சென்டர், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் திரை போட்டது. எல்லாம் போய்விட்டது. பழைய கடைகளில் மிச்சம் இருந்தது ஜரீனா அக்கா கடை மட்டும்தான்.

நடுவில் கூரை இல்லாத இந்த இடம் இருக்கிறதே, இதுதான் முக்கியம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் சொல்கிறேன். டியூப் லைட்டில் கலர் பொய் சொல்லும். கடைக்குள் அரக்கும் காப்பிக் கலரும் ஒன்றாகத் தெரியும். வெளியே வந்தால் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ஜரீனா அக்கா துணியை உருட்டி எடுத்துப் போட்டதும் கத்தரியைத் தொடமாட்டார். "வெளிச்சம் பாத்துட்டு வாங்க" என்பார். பொம்பளைகள் புடவை முந்தானையையும் பிட்டுத் துணியையும் தூக்கிக்கொண்டு இங்கே நடுவில் வந்து நிற்பார்கள். இங்கே யார் நின்றாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. மீன் வாங்க வந்தவர், ஸ்டாம்ப் பேப்பர் வாங்க வந்தவர், யாராயிருந்தாலும் சரி. "ஒரு சாயல் ஏத்தமா இருக்கோ?" "இல்லம்மா, இறக்கம், வெளுத்துத் தெரியுது." "பார்டருக்கு எடுங்க, உடம்புக்கு எடுக்காதீங்க." இங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் உள்ளே கத்தரி விழும்.

இங்கே அக்கா கடையின் சிவப்பு ஸ்டூல் ஒன்று கிடக்கும். அம்மா கடைக்குள் இருக்கும்போது நான் அதில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னிடமும் கேட்பார்கள், சின்னப் பிள்ளைதானே என்று சும்மா கேட்பார்கள். நான் சும்மா பதில் சொன்னது கிடையாது. எல்லோரும் சரி என்றால் நான் இல்லை என்பேன். ஒரு தடவை ஓர் அம்மா என் பேச்சால் நாலு முறை உள்ளேயும் வெளியேயும் நடந்துவிட்டு, கடைசியில் புடவையையே மாற்றப் போய்விட்டார். வக்கீலம்மா பட்டம் அன்றைக்குக் கிடைத்ததுதான்.

போன வருஷம் காம்ப்ளெக்ஸை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கட்டட முதலாளி இறந்துவிட்டார், மகன்கள் இரண்டு பேர், இடித்துப் புதிதாகக் கட்டுவதாகத் திட்டம். எனக்கு வந்ததே கோபம். அன்றைக்கே உட்கார்ந்து ஒரு பதிவு எழுதினேன். 'சொர்ணா காம்ப்ளெக்ஸ் ஒரு கட்டடம் அல்ல, ஒரு புறநகரின் கூட்டு நினைவின் கருவறை' என்று ஆரம்பித்தேன். கருவறை. நானேதான் எழுதினேன். மீன்தொட்டிக் கடை நாற்றம் தெரிந்த ஒருத்தி எழுதக்கூடிய சொல்லா ஆன்ட்டி அது? ஆனால் அந்த வரியைத்தான் நிறையப் பேர் எடுத்துப் போட்டார்கள்.

அம்மா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"காம்ப்ளெக்ஸுக்குக் கிளம்புன்னா தரையில உருளுவியேடி. கால் வலிக்குது, தாகமா இருக்குன்னு. சாஃப்டி வாங்கித் தரேன்னு பொய் சொல்லித்தான் உன்ன இழுத்துட்டுப் போவேன். மெஷின் ரிப்பேர்னு எனக்குத் தெரியாதா?"

"அதுவும் நினைவுதானேம்மா."

"அப்ப அதையும் எழுது."

எழுதவில்லை. பதிவின் தொனி கெட்டுவிடும்.

பிறகு ஜரீனா அக்காவிடம் போனேன். போராட்டத்தின் முகமாக அவர்தானே இருக்க முடியும்? மற்றக் கடைகளில் மொபைல் கவர் விற்கிறார்கள். மொபைல் கவரை வைத்து ஒரு கூட்டு நினைவைக் கட்ட முடியாது.

"வா வக்கீலம்மா. என்ன வேணும்?"

"உங்க ஆதரவு வேணும்க்கா."

"அது எந்த கலர்ல?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா லைனிங் துணியை மடித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "முதலாளியோட பெரிய மகன் எனக்குப் புதுசுல முன்பக்கம் கடை தரேன்னு சொல்லியிருக்காரும்மா. பாத்ரூம் கட்டுவாங்களாம். நான் கடை போட்டதுலேர்ந்து பின்னாடி ஓட்டல்காரர்கிட்ட சாவி கேட்டுப் போயிட்டிருக்கேன். கூட்டமான நேரத்துல அவர் முகத்தைப் பாத்துட்டுத் திரும்பி வந்துடுவேன்."

கழிப்பறை ஒரு தனிப் பிரச்சினை, இரண்டையும் குழப்பக்கூடாது என்று விளக்கினேன். என் ஆராய்ச்சித் தலைப்பு என்ன தெரியுமா ஆன்ட்டி? பெண்களும் பொதுவெளியும். நல்லவேளை, அதை அப்போது அக்காவிடம் சொல்லித் தொலைக்கவில்லை.

அக்கா என் கையோரத் துணியைத் தொட்டுப் பார்த்தார். "இந்த குர்தா எங்க வாங்கின?"

"ஆன்லைன்ல."

"ம். லைட்டு நல்லாத்தான் போட்டுப் படம் எடுத்திருக்கான்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள ஆய்வு நெறியில் இடம் உண்டா என்றால், இல்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் 'நினைவு நடை' நடத்தினேன். வேளச்சேரியிலிருந்தெல்லாம் வந்தார்கள். நான்தான் நடுவில் நின்று விளக்குவேன். "இங்கேதான் டிவிடி கடை, இங்கேதான் சாஃப்டி." சாஃப்டி என்றதும் எல்லோரும் ஆஹா என்பார்கள். ரிப்பேரைப் பற்றி நான் சொல்லமாட்டேன். ஒரு பையன் கண் கலங்கிவிட்டான். அவன் வளர்ந்தது பெங்களூரில், கொரட்டூருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை வந்திருக்கிறான். இருந்தாலும் கலங்கினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது, பொம்பளைகள் வெளிச்சத்தில் புடவையைத் தூக்கிப் பார்ப்பதுதான். அதைப் படம் எடுக்க அடித்துக்கொண்டார்கள். நல்ல வெளிச்சம் விழுகிற இடம் இந்த நடுப்பகுதி மட்டும்தானே? அங்கே கேமராவோடு இவர்கள் நின்றார்கள். புடவையோடு வந்தவர்கள் ஓரமாகப் போய்த் தூண் நிழலில் நின்று பார்த்தார்கள். அக்கா ஒரு தடவை வாசலுக்கு வந்து, "வக்கீலம்மா, கொஞ்சம் வெளிச்சம் விடுங்க" என்றார். அதை நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன். 'வெளிச்சம் விடுங்க' என்ற சொற்றொடரின் அழகைப் பற்றி. ஒருவர் குறித்துக்கொண்டார். யாரும் நகரவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிறு. தை முகூர்த்தத்துக்குப் புடவை எடுத்தவர்கள் எல்லாம் பிளவுஸ் பிட்டுக்கு அலைகிற நேரம். அம்பத்தூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வந்திருந்தது. கல்யாணப்பெண், அவளுடைய அம்மா, இரண்டு அத்தைகள். முகூர்த்தப் புடவை அரக்கு. நல்ல அரக்கு ஆன்ட்டி, பார்த்தாலே வாய் பேசாது. அந்த அம்மா துணியோடு வெளியே வந்தார். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, "ஆன்ட்டி, அப்படியே தலைக்கு மேல தூக்குங்க. இன்னும் கொஞ்சம். சிரிங்க" என்றாள். அந்த அம்மாவுக்கு வெட்கம். கல்யாணப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பேரும் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்கள்.

"வெளிச்சம் பாத்தாச்சாம்மா?" அக்கா கேட்டது எனக்கு இங்கே வரை கேட்டது.

"அங்க எங்கங்க வெளிச்சம்? வெறும் தலையா இருக்கு. நீங்க எத்தனை வருஷமா பண்றீங்க, உங்களுக்குத் தெரியாதா? வெட்டுங்க, டைலர் காத்துக்கிட்டிருக்கார்."

அக்கா தயங்கினார். அதையும் பார்த்தேன். சொல்லப்போனால் அந்தத் தயக்கத்தை எங்கள் ஆள் ஒருவர் படமே எடுத்தார், நன்றாக வந்திருந்தது. பிறகு கத்தரி விழுந்தது.

தையல்காரர் வீட்டிலும் டியூப் லைட்தான் போலிருக்கிறது. முகூர்த்தத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் தைத்து வாங்கிய பிளவுஸை மொட்டை மாடியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காப்பிக் கலர்.

அந்த அம்மா வந்து நின்றபோது நானும் கடையில் இருந்தேன், அடுத்த நடைக்குப் பேனர் கட்டுவதற்காக. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தவில்லை. பிளவுஸையும் புடவையையும் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என் பொண்ணு மேடையில நிக்கும்போது புடவை ஒரு பக்கம் பாக்கும், ரவிக்கை ஒரு பக்கம் பாக்கும்மா" என்றார்.

"தப்பு என்னுதுதான்மா" என்றார் அக்கா. "வெளிச்சம் பாக்காம கத்தரி வெச்சிட்டேன். இதுவரைக்கும் வெச்சதில்ல."

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன செய்திருப்பாள்? பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"டெக்னிக்கலா அக்கா சொல்றது சரிதான்" என்றேன். "கடையோட விதிய கடையே மீறியிருக்கு. இதுக்கும் நினைவு நடைக்கும் சம்பந்தம் இல்ல."

நினைவு நடையைப் பற்றி அங்கே ஒருவரும் பேச்சே எடுக்கவில்லை ஆன்ட்டி. வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாள், "யாருமே கேக்காத கேள்விக்கு எதுக்குடி பதில் சொன்ன?" எதிர்த்தரப்பு வாதத்தை முன்கூட்டியே மறுப்பது ஒரு முறை என்றேன். "அவங்க எதிர்த்தரப்பா?" என்றாள். அம்மாவுக்கு விவாத ஒழுங்கு தெரியாது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காப்பிக் கலர் பிளவுஸை நிதானமாக மடித்தார், விற்கப் போகிற துணியை மடிப்பதைப்போல. "நீ ஜெயிச்சுட்ட வக்கீலம்மா" என்றார். "போ."

அவ்வளவுதான். அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு, அரக்குத் துணியை எடுத்துக்கொண்டு அக்காவே தையல்காரர் வீட்டுக்குப் போய், தைத்து முடிகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தாராம். கல்யாணத்துக்கும் போனாராம். தை முடிவதற்குள் இந்த ஷட்டர் இறங்கிவிட்டது.

எனக்கு வருத்தமா என்கிறீர்களா? கோபம். பொதுவெளியைக் கைவிட்டுவிட்டுப் போகலாமா ஒருவர்? ஸ்டார் மேட்சிங் சென்டரின் புதுக் கடை வாசற்படியைக்கூட மிதிக்கமாட்டேன் என்று எங்கள் நினைவு நடை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நிறைய இதயம் போட்டார்கள். அதில் ஒருவரும் பிளவுஸ் அணிகிறவர் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

இடிக்கிற கதை என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லையே நீங்கள்? இடிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் குழு 'வென்றோம்' என்று இங்கே கேக் வெட்டியது. கேக்கை டெலிவரி பையன் கொண்டுவந்தான், இங்கே ஏது பேக்கரி? நினைவு நடையும் நின்றுவிட்டது. புடவையைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லை என்றால் அவர்களுக்குப் படம் எடுக்க என்ன இருக்கிறது? இப்போது பாருங்கள், வெளிச்சம் முழுவதும் கொட்டிக் கிடக்கிறது. நான் இங்கே உட்கார்ந்து படிக்கிறேன். உங்களைப்போல யாராவது கடையைத் தேடி வருவார்கள். எல்லோருக்கும் முழு விவரமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். நேற்று ஆவடியிலிருந்து வந்த அம்மா பாதியிலேயே எழுந்து, "ஆட்டோக்காரரைக் கேட்டுக்கிறேன்" என்று போய்விட்டார். வரலாற்றுக்கு அவ்வளவுதான் மரியாதை.

இதோ, இதோ, சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்காதீர்கள். ஸ்டேஷன் பக்கம் மெயின் ரோட்டில், மருந்துக் கடைக்கு அடுத்தது. கிழக்குப் பார்த்த கடை. எதிரே பள்ளிக்கூட மைதானம், மறைக்க ஒன்றும் இல்லை, வாசலிலேயே நல்ல வெளிச்சம். பாத்ரூம் இருக்கிறது. அம்மாதான் சொன்னாள். அவள் இரண்டு தடவை போய்விட்டு வந்துவிட்டாள், துரோகி. போய் வந்து இன்னொன்றும் சொன்னாள். கேட்காமலேயே சொன்னாள். "வாசல்ல அந்தச் சிவப்பு ஸ்டூல் கிடக்குடி. யாரும் உக்காரல." ஸ்டூல் என்றால் கிடக்கத்தானே செய்யும் என்றேன்.

உங்கள் புடவையைக் கொஞ்சம் காட்டுங்கள், வெளிச்சத்தில்தானே இருக்கிறோம். ஓ. நல்ல வெங்காயக் கலர். என்ன, ரோஸா? ஆன்ட்டி, வெயிலில் நின்றுகொண்டு இதை ரோஸ் என்கிறீர்களே. சரி, ரோஸ் சாயல் இருக்கிறது. ஆனால் ரோஸ் பிட் எடுத்தீர்களென்றால் அடிக்கும். வெங்காயம்தான் கேளுங்கள்.

என்னுடையதா? இது மயில் கழுத்து. இந்த மாதம் எனக்குப் பட்டமளிப்பு விழா, எம்.ஏ. பட்டம். பட்டமளிப்பில் புடவை கட்டுவது ஒரு காலனியச் சடங்கா இல்லையா என்று அம்மாவோடு வாதம் செய்து தோற்றேன். பிளவுஸ் பிட் ஆன்லைனில் வாங்கினேன். போனில் படம் எடுத்து, படத்துக்குப் படம் ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். முதலில் வந்தது ஊதா. திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தது கிளிப்பச்சை. அதையும் அனுப்பினேன். மூன்றாவது என்ன கலர் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், இது பச்சையா நீலமா? பச்சை என்கிறீர்கள். நான் நீலம் என்கிறேன். பார்த்தீர்களா, ஆட்டினால் மாறுகிறது. இதற்கெல்லாம் உருட்டி உருட்டித் துணி எடுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். "இதுவா? இதுவா? இல்ல இரு, உள்ள இன்னொண்ணு இருக்கு" என்று சொல்ல.

உங்களிடம் ஓர் உதவி. எப்படியும் அங்கேதானே போகிறீர்கள்? இதையும் கொண்டுபோய்க் காட்டிவிடுகிறீர்களா? யாருடையது என்று கேட்டால் சொல்லாதீர்கள். தங்கச்சி பெண்ணுடையது என்று சொல்லிவிடுங்கள். அக்கா நம்பமாட்டார். என் அம்மா எடுத்த புடவையை அவர் எத்தனை பார்த்திருக்கிறார். நம்பாவிட்டாலும் பிட் எடுத்துக் கொடுப்பார்.

வேண்டாம், இருங்கள். பையைக் கொடுங்கள். உங்களுக்கு அந்த மருந்துக் கடைத் திருப்பம் தெரியாது. ஒருவழிப் பாதை வேறு போட்டிருக்கிறார்கள். நானும் வருகிறேன். கடைக்குள் வரமாட்டேன், அது கொள்கை, எழுதிப் போட்டது, மாற்ற முடியாது. வாசற்படியும் மிதிக்கமாட்டேன். படிக்கு வெளியே, நடைபாதையில் நிற்பேன். நடைபாதை பொதுவெளி.

நீங்கள் உள்ளே போங்கள். அக்கா துணி எடுத்துப் போடுவார். எப்படியும் கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் யாராவது அதை வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? முக்கியமாக, மயில் கழுத்தை அவர் உங்களை நம்பி விடமாட்டார். நீங்கள் அதைப் பச்சை என்கிற ஆள். அவரேதான் தூக்கிக்கொண்டு வெளியே வருவார். வந்தால், அங்கே நிற்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். யாராயிருந்தாலும் சரி.

அவர் கேட்டால் நான் முதல் துணிக்கே சரி என்று சொல்லிவிடப் போகிறேன் ஆன்ட்டி.

கொஞ்சம் ஏத்தமாக இருந்தால் மட்டும் சொல்வேன்.